என் வாயில் இன்னொருத்தியின் குரல்

காலண்டருக்கும் விளம்பரத்துக்கும் நின்று பழகிவிட்டு நடிக்க வந்திருக்கும் பெண்களே, முதலில் மூச்சு விடுங்கள்.

எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு ஸ்டுடியோ இருந்தது. கல்லூரி விண்ணப்பத்தில் ஒட்டுவதற்கு ஒரு படம் எடுக்கப் போனவளை, ஸ்டுடியோக்காரர் தலையைச் சாய்க்கச் சொல்லி இன்னொரு படம் எடுத்தார். அது அவர் கடையின் கண்ணாடி அலமாரியில் ஏறியது. அங்கிருந்து புடவைக் கடைக் காலண்டர். காலண்டரிலிருந்து தேங்காய் எண்ணெய் டப்பா. "மாடல்" என்ற சொல் அன்று எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. "போட்டோவுக்கு நிக்கிற பொண்ணு" என்பார்கள். சொல்லும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்வார்கள்.

ஸ்டுடியோக்காரர் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்தார். "மூச்சைப் புடி. வாயை மூடு. எதையோ பாக்கிற மாதிரி பாரு, ஆனா எதையும் பாக்காதே." நான் கெட்டிக்காரி, உடனே கற்றுக்கொண்டேன். பிறகு அதை மறப்பதற்குத்தான் என் பாதி ஆயுள் போயிற்று. அசையாமல் இருப்பது தனிமையின் முதல் பயிற்சி என்று அப்போது தெரியாது. நம் முகம் ஊரெல்லாம் போகிறது. நாம் மட்டும் விளக்குச் சூட்டில், மூச்சைப் பிடித்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே இருக்கிறோம்.

என் அம்மா பள்ளி ஆசிரியை. அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே போய்விட்டார். ரயில் பாதைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. முன்னால் நீண்ட முற்றம், அதன் கோடியில் ஓர் இரும்புக் கதவு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிறிஸ்தவக் கோயில் ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை எனக்கு வரும்போதெல்லாம், சனிக்கிழமை மாலை அம்மா என்னை நடுக்கூடத்தில் நிறுத்தி வாசிக்கச் சொல்வாள். கால்புள்ளியில் மூச்சு வாங்க வேண்டும். முற்றுப்புள்ளியில் குரல் படியிறங்க வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் காது மந்தமான பெரியவருக்கும் கேட்க வேண்டும். ஆனால் கத்தக் கூடாது.

எண்ணெய் டப்பா வந்த வாரம் கோயில் வாசலில் வாலிபர்கள், "டேய், எண்ணெய் டப்பா வருதுடா" என்றார்கள். வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"முகம் உங்க அப்பா ஜாடை. அதை நான் குடுக்கல, அதனால கேக்கவும் மாட்டேன். குரல் என்னுது. அதை மட்டும் பத்திரமா வச்சுக்க பாப்பா."

இந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டுதான் நான் சினிமாவுக்கு வந்தேன். வந்து முதலில் தொலைத்ததும் அந்தக் குரலைத்தான்.

*

முதல் படத்தில் தோழி வேஷம். ஒரு மரத்தடி, ஒரு சின்னக் காதல், நாலைந்து வசனம். இரவெல்லாம் மனப்பாடம் செய்து போய் நின்று பேசினேன். பேசி முடித்ததும் செட்டில் ஓர் அமைதி. நல்ல அமைதி என்று நினைத்துக்கொண்டேன்.

டைரக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "ஏம்மா, நீ அவனைக் காதலிக்கிறியா, இல்ல ஜெபக்கூட்டம் நடத்துறியா?"

லைட் பிடித்தவர்கள் வரை சிரித்தார்கள். மறுபடி பேசினேன். கால்புள்ளியில் மூச்சு நின்றது. முற்றுப்புள்ளியில் குரல் தானாகப் படியிறங்கியது. கோயிலின் கடைசி வரிசைப் பெரியவர் என் தொண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்றார். வேறு யாராவது பேசத் தெரியாமல் தோற்றிருப்பார்கள். நான் நன்றாக வாசிக்கத் தெரிந்ததால் தோற்றேன்.

"விடு, வாய மட்டும் சரியா அசை. வாய்ஸ் பாத்துக்கும்" என்றார் டைரக்டர்.

அப்படித்தான் அவள் என் வாழ்க்கைக்குள் வந்தாள். எல்லோரும் அவளை "வாய்ஸ்" என்றே கூப்பிட்டார்கள். "வாய்ஸ் வந்தாச்சா?" "வாய்ஸுக்கு ஒரு காபி குடு." படத்தின் எழுத்துகளில் அவள் பெயர் வராது, அதனால் பெயரைக் கேட்டுவைத்துக்கொள்ளும் தேவையும் யாருக்கும் இல்லை. பம்மலில் தோல் பதனிடும் இடங்களுக்குப் பக்கத்தில் வீடு, என்னைவிட வயதில் கொஞ்சம் இளையவள், எந்நேரமும் வெற்றிலை. இருட்டான ஒலிப்பதிவு அரங்கில் மைக்கின் முன்னால் நின்றுவிட்டால் அந்த வெற்றிலை வாயிலிருந்து தேனும் நிலாவும் சொட்டும். மைக்கை அணைத்ததும், "இன்னாக்கா, வாய இவ்ளோ அகலமா தொறந்து வச்சிகினு கீறே? அதுக்குள்ள வார்த்தைய ரொப்பறதுக்குள்ள என் உசுரு போவுது!" என்பாள்.

எனக்கு அவள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னை அவ்வளவு உற்றுப் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை. ரசிகர்கள் முகத்தைப் பார்த்தார்கள், கேமராக்காரர் வெளிச்சத்தைப் பார்த்தார். நான் எங்கே எச்சில் விழுங்குகிறேன், எங்கே பொய்யாக மூச்சு விடுகிறேன் என்று பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

ஒருநாள் இருவரும் கோடம்பாக்கத்தில் ஒன்றாக மின்ரயில் ஏறினோம். அவள் பல்லாவரத்தில் இறங்க வேண்டும், நான் தாம்பரம். எனக்கு அப்போது கார் இல்லை. தோழி வேஷங்களில் கொஞ்சம் பெயர் வந்திருந்தது, அவ்வளவுதான். பெண்கள் பெட்டியில் நிற்க இடமில்லை.

"அக்கா, ஒரு வித்தை காட்டட்டா?" என்றாள். வெற்றிலையை ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அந்தத் தேன் குரலில் கேட்டாள்: "அம்மா, இந்தப் பேதைக்கு அமரச் சற்றே இடம் தருவீர்களா?"

பெட்டி முழுக்கத் திரும்பியது. ஒரு கீரைக்காரம்மா கூடையை நகர்த்திக்கொண்டே, "ஐய, சினிமாவுல அந்தப் பொண்ணு பேசுற கணக்காவே கீதே! நீதானா அது?" என்றாள். வாய்ஸ் வெட்கப்படுவதுபோல நடித்தாள். நாலு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். யாருடைய வாய் அசைந்து அவர்கள் அந்தக் குரலைக் கேட்டார்களோ, அந்த நான் கம்பியைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

கடைசியில் கீரைக்காரம்மாவே என்னையும் உற்றுப் பார்த்தாள். "உன்னையும் எங்கியோ பாத்த மூஞ்சா கீதே... ஆங்! எண்ணெய் டப்பா!"

வாய்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பல்லாவரத்தில் இறங்கும்போது என் கையைப் பிடித்தாள். "உன் மூஞ்சி இல்லன்னா எனக்கு வாயே கெடையாதுக்கா. என் வாயி இல்லன்னா..." ரயில் ஊதியது. அவள் முடிக்கவில்லை. தாம்பரம் வரும்வரை அந்த மீதி வாக்கியத்தோடு நான் தனியே உட்கார்ந்து வந்தேன்.

*

அம்மா சினிமாக் கொட்டகைக்குள் கால் வைத்தவளல்ல. அது பாவம். ஆனால் வீட்டில் வானொலி இருந்தது. வானொலி பாவமில்லை, செய்திக்கென்று வாங்கியது. ஞாயிறு மதியம் அதில் ஒலிச்சித்திரம் வைப்பார்கள். ஒரு படத்தின் வசனத்தையும் சத்தத்தையும் மட்டும் சுருக்கி, படம் இல்லாமல் ஒலிபரப்புவது. இன்று உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அன்று ஊரே கண்ணை மூடிக்கொண்டு சினிமா கேட்டது.

என் படம் ஒன்று அப்படி வந்த ஞாயிறு, கோயிலிலிருந்து திரும்பி, சாப்பிட்டு முடித்து, அம்மா வானொலிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். நான் சமையலறை நிலைப்படியில் நின்றேன். என் முகத்தை விற்ற பெண் நான். முகம் இல்லாத அந்தப் பெட்டிக்குள் நான் எங்கே இருப்பேன்?

அம்மா முழுவதும் கேட்டாள். முடிந்ததும் வானொலியை அணைத்தாள். "நல்லா வாசிக்கிறா, அந்தப் பொண்ணு" என்றாள். அந்தப் பொண்ணு. என்னைத் திட்டியிருக்கலாம். நாங்கள் இருவரும் அன்று மாலைவரை பேசாமல் துணி மடித்தோம்.

அதனால்தான் முதன்முதலாகக் கதாநாயகி வேஷம் என்று ஒரு டைரக்டர் வந்து நின்றபோது, கதையைக்கூடக் கேட்காமல், "நானே பேசலாமா?" என்று கேட்டேன். மீனவப் பெண்ணின் கதை. அவர் யோசித்தார். "இதுக்குத் தேன் குரல் வேண்டாம்தான். பேசு. நல்லா வரலேன்னா மாத்திடுவேன், அப்புறம் அழக் கூடாது."

கோவளத்தில் படப்பிடிப்பு. புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, இவள் கரையில் நின்று அவனைக் கூப்பிட வேண்டும். படத்தின் உயிரே அந்தக் காட்சிதான். "மாரீ..." என்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்படி எழுதியிருந்தார்கள். கையை நெற்றிக்கு மேல் வைத்து, எண்ணெய் டப்பாச் சாய்வில் தலையைச் சாய்த்து, கூப்பிட்டேன்.

மீன் கூறு போட்டுக்கொண்டிருந்த பெண்களிடமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அடங்கவே இல்லை.

"ஐய! புருசன் பேரை ஊருக்கே கூவுறா பாரு!"

"பேரைச் சொல்லிக் கூப்புட்டா அவன் எங்கடி வருவான், கட்டுமரத்தோட அப்டியே போய்ச் சேந்துருவான்!"

டைரக்டருக்கு முகம் சிவந்துவிட்டது. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நகரத்தில் வசனம் எழுதியவருக்கும் தோன்றவில்லை, அம்மா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டிராத எனக்கும் தோன்றவில்லை. அவர் அந்தப் பெண்களிடமே போய்க் கேட்டார். "அப்போ நீங்க எப்படித்தாம்மா கூப்பிடுவீங்க?"

கத்தியைத் துடைத்துக்கொண்டே ஒருத்தி சொன்னாள்: "எங்க கூப்புடுறது? கடலையே பாத்துகினு குந்தினு இருப்போம். தாங்கலன்னா ஒரு சத்தம் குடுப்போம்."

"என்ன சத்தம்? கொஞ்சம் செஞ்சு காட்டுங்க."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அது வரும்போதுதான் சார் வரும். உன் படத்துக்கோசரமா கத்திக் காட்ட முடியும்?"

வெளிச்சம் சரிந்துகொண்டிருந்தது. "ஏதாவது பண்ணும்மா" என்றுவிட்டு டைரக்டர் கேமராவுக்குப் பின்னால் போனார். பெண்களே, உங்களுக்கும் இப்படி ஒரு மாலை வரும். வசனம் செத்துப்போய்விட்டது. சுற்றிலும் நூறு கண்கள். உதவிக்கு வரும் எவருக்கும் உங்களுக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரியாது. நான் கடலைப் பார்த்தேன். அலை ஓங்கி விழுந்து இரைந்தது. பிறகு பின்வாங்கியது. பின்வாங்கும்போது ஒரு சின்ன இடைவெளி, வெறுமையாக, மணல் நுரையை உறிஞ்சும் சத்தம் மட்டும். அந்த இடைவெளி எனக்குத் தெரிந்ததாக இருந்தது.

தன் பள்ளியிலிருந்து எனக்கு முன்னால் வந்துவிடும் அம்மா எங்கள் வீட்டு இரும்புக் கதவை உள்ளே பூட்டி வைத்திருப்பாள். பள்ளி விட்டு வந்து நான் அதன் முன் நின்று கூப்பிட வேண்டும். ரயில் போகும்போது எவ்வளவு கத்தினாலும் முற்றத்தைத் தாண்டாது. ரயில் கடக்கும்வரை காத்திருந்து, கடைசிப் பெட்டி போனதும் விழுகிற அமைதியில், "ஏ... ஓய்!" என்று ஒரு சத்தம். அம்மா என்று கூப்பிட்டால் கரையும், ஓய் என்றால் போய்ச் சேரும். உள்ளேயிருந்து பதில் வரும்: "வரேன், வரேன். கத்தாதே."

அலை விலகும்வரை காத்திருந்தேன். கையை இறக்கினேன். தலையை நேராக்கினேன். பிடித்து வைத்திருந்த மூச்சையெல்லாம் விட்டேன். "ஏ... ஓய்!"

யாரும் "கட்" சொல்லவில்லை. அடுத்த அலை வந்து என் கணுக்காலை அடித்தது. மீன்காரப் பெண்களில் ஒருத்தி மட்டும், சிரிக்காமல், தன் கூறுகளைப் பார்த்துக்கொண்டே, "ஆங்" என்றாள்.

*

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். இல்லை.

வெளிப்புறத்தில் பதிவாகிற ஒலியை அப்படியே வைத்துக்கொள்ள மாட்டார்கள். பிறகு அரங்கில் படத்தைத் துண்டு துண்டாக ஓட்டி, அதைப் பார்த்துத் திரும்பப் பேசவேண்டும். அந்தக் கண்ணாடி அறையில், கடலும் மணலும் இல்லாமல், என் கோயில் குரல் மறுபடி வந்துவிட்டது. கால்புள்ளியில் மூச்சு. முற்றுப்புள்ளியில் படியிறக்கம். சில நாள் பொறுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு காலை நான் போனபோது வாய்ஸ் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மைக்கின் முன் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

தயாரிப்பாளர் கெட்ட மனிதரல்ல. பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். "இதுல வருத்தப்பட என்னம்மா இருக்கு? ஜனங்களுக்குத் தெரிஞ்ச உன் குரல் இதுதானே. புதுசா உன் குரல்ல பேசினா, இது யாரு குரல்னு கேப்பாங்க."

என் குரலில் பேசினால் எனக்கு நானே டப்பிங் பேசிய மாதிரி ஆகிவிடுமாம்.

என்னிடம் ஓர் ஆயுதம் இருந்தது. ஒரு பாட்டு இன்னும் எடுக்கவில்லை. வரமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்தால் அவர்கள் தவித்துப்போவார்கள். படம் முழுக்க என் குரலே வேண்டும் என்று கேட்கலாம். கேட்டால் கிடைக்கக்கூடச் செய்யும். கிடைத்தபின் அந்தப் படம் என்னவாகும் என்று எனக்கே தெரிந்திருந்தது, ஏனென்றால் என் வாசிப்பை நானே அந்த அறையில் கேட்டிருந்தேன். கோபம் வரும்போது எல்லாவற்றையும் கேட்கத் தோன்றும். அந்த நேரத்தில், இதில் உண்மையில் எது என்னுடையது என்று மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பதில் மிகச் சின்னதாக இருக்கும். பயப்படாதீர்கள்.

"வசனமெல்லாம் அவளே பேசட்டும் சார். அந்தக் கூப்பாட்டை மட்டும் கரையில் பதிவானபடியே விட்டுடுங்க" என்றேன்.

ஒலிப்பதிவாளர் தலையை ஆட்டினார். "கடல் சத்தம் முழுக்க அதுல கலந்திருக்கும்மா."

"அதுக்குத்தான் அலை போனப்புறம் கூப்பிட்டேன்."

டைரக்டர் வாய்ஸைப் பார்த்தார். "நீ ஒரு தரம் பண்ணிக் காட்டு."

விளக்கு அணைந்தது. திரையில் நான், மணல், சரியும் வெளிச்சம். வாய்ஸ் கூப்பிட்டாள். தேன் ஒழுகியது. மறுபடி துண்டு ஓடியது, மறுபடி கூப்பிட்டாள். இன்னும் அழகாக இருந்தது. அவள் காதிலிருந்ததைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"போ சார். நான் கூப்டா பாட்டு எடுத்துக் குடுக்குற கணக்கா கீது. அக்காவுது அப்டியே இருக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "மீதி பூரா எனக்குத்தானே, எனக்கின்னா பேஜாரு?" என்று கண்ணடித்தாள்.

அந்தத் துணிச்சலை அதற்குமுன் நான் யாரிடமும் பார்த்ததில்லை. அவளைத் திரும்பக் கூப்பிடாமல் விட்டுவிட அவர்களுக்கு ஒரு சாக்குப் போதும். டைரக்டர் கையைத் தட்டி, "சரி, இருக்கட்டும்" என்றார்.

*

படம் ஓடியது. சுவரெல்லாம் என் முகம். பட்டணத்தில் தங்க ஒரு வீடு தந்தார்கள், கார் வந்தது, ரயில் நின்றது, அதோடு வாய்ஸுடன் பேசிக்கொண்டு போவதும் நின்றது. அறையில் நான் பேசினால் எனக்கே அந்நியமாகக் கேட்டது. மேலே போவதைப் பற்றிக் கேட்கிறீர்களே, மேலே காற்று அதிகம், ஆள் குறைவு. அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அந்தப் படம் ஒலிச்சித்திரமாக வந்த ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்துக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு அதற்குள் வயது ஏறியிருந்தது. சாப்பிட்ட அசதியில், வானொலிக்குப் பக்கத்து நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டாள். நான் கூடத்து மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தேன். தேன் குரல் பேசியது, சிரித்தது, கல்யாணம் செய்துகொண்டது, புருஷனைக் கடலுக்கு அனுப்பியது. அம்மாவின் தலை ஒருபக்கம் சாய்ந்தே இருந்தது. எழுப்பலாமா என்று யோசித்தேன். எழுப்பவில்லை.

அலை இரைந்தது. விலகியது.

"ஏ... ஓய்!"

அம்மா எழுந்தாள். கண் சரியாகத் திறக்கவில்லை. "வரேன், வரேன். கத்தாதே" என்றபடி ஆணியிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு, செருப்பைத் தேடாமல், முற்றத்து வெயிலில் இறங்கி நடந்தாள். நான் கூப்பிட வாய் திறந்தேன். அதற்குள் இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது. வெளியே எட்டி இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பார்த்தாள். தெருவில் ஒருவருமில்லை.

திரும்பி வந்தவள் என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். "நீ உள்ளயா இருக்கே?"

"ஆமாம்மா."

"அப்போ வெளிய கூப்பிட்டது?"

நான் வானொலியைக் காட்டினேன். அதற்குள் வாய்ஸ் அழ ஆரம்பித்திருந்தாள், மிக நன்றாக. அம்மா வானொலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சனிக்கிழமை மாலைகளில் என் வாசிப்பைத் திருத்துகிற அதே முகம் வந்தது.

"புருஷனைக் கூப்பிடுற மாதிரி இல்ல அது. கதவைத் தொறன்னு கூப்பிடுற மாதிரி இருந்துச்சு."

"தப்பாம்மா?"

அவள் சாவியை ஆணியில் மாட்டினாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், வானொலிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைத்தாள். "கதவைத் தொறந்து போட்டுட்டு வந்துட்டேன், மாடு நுழைஞ்சிடும். போய்ச் சாத்திட்டு வா பாப்பா."

போனேன். தெரு காலியாகத்தான் இருந்தது. ரயில் ஒன்று தடதடத்துக் கடந்தது. கடைசிப் பெட்டியும் போனபின் அந்த அமைதி விழுந்தது. வீட்டுக்குள்ளிருந்து இன்னொருத்தி எனக்காக அழுவது முற்றத்தைத் தாண்டி வந்தது. கதவுக்கு வெளியே, அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போவதா, வெளியே நின்று இன்னொரு முறை கூப்பிடுவதா என்று தெரியவில்லை.